பன்னிரண்டு கீற்றும் பொருந்தக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

காகித விளக்கின் வெட்டுவரைபடம் முடிந்துவிட்டது. உருண்டை வடிவம், 240 மி.மீ. விட்டம், மேலிருந்து கீழாக ஆரஞ்சுச் சுளைத் தோல்போல 12 கீற்றுகள், மேலும் கீழும் 60 மி.மீ. விட்டத்தில் திறந்த வாய், நடுவில் ஒரு எல்இடி பல்பு. அதிலுள்ள ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் உங்களில் ஒருவர் சொன்ன திருத்தம் இருக்கிறது. யார் சொன்னது எதைச் சரிசெய்தது என்று பொதுவில் எழுதிவைப்பதுதான் முறையான நன்றி. இதே வேலையில் இறங்குபவர்களுக்கும் அது உதவும்.

முதல் நன்றி கணக்கு ஆசிரியைக்கு. தாள் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். இரண்டு பக்கமும் வளைக்கப் பார்த்தால் கசங்கும். ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் முழு உருண்டையை 'ஸ்மாஷ்' என்ற தட்டையாக்கும் கட்டளைக்குக் கொடுத்தால் தட்டையான வடிவம் ஒன்று வந்துவிடும். ஆனால் அது தோராயம். திரையில் பரப்பு நீண்டு சுருங்கிக்கொள்ளும், தாள் அப்படிச் செய்யாது. கீற்றைக் கையால் கணக்கிட்டு வரையச் சொன்னது அவர்தான். சுற்றளவு 754 மி.மீ., அதை 12ஆல் வகுத்தால் கீற்றின் நடு அகலம் 62.8. நடுவிலிருந்து மேலும் கீழும் 31.4 மி.மீ. நகர்ந்தால் 15 பாகை. ஒவ்வொரு 15 பாகைக்கும் அகலம் 60.7, 54.4, 44.4, 31.4, 16.3 என்று குறையும். கடைசிப் புள்ளியிலிருந்து இன்னும் 1 மி.மீ. போனால் 15.7, வாய் அங்கே வருகிறது. கீற்றின் மொத்த நீளம் 316 மி.மீ. ஏ4 தாளில் அடங்காது. பக்கத்துக் கீற்றோடு ஒட்டுவதற்கு ஓரத்தில் விடும் ஒட்டுப்பட்டைக்கு 7 மி.மீ. சேர்த்தால் ஒரு ஏ3 தாளில் நான்கு கீற்று, ஆக மூன்று தாள்.

இன்னொன்றையும் அவர் முன்பே சொல்லியிருந்தார். ஒட்டி முடித்தபின் வருவது உருண்டை அல்ல, பன்னிரண்டு முகம் கொண்ட வடிவம். முகத்துக்கு முகம் அளந்தால் 234.5 மி.மீ., மூலைக்கு மூலை 242.8. அளவுகோலை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் 'தப்பாக வந்துவிட்டது' என்று வரைபடத்தைத் திருத்தத் தொடங்கினால், சரியாக இருந்ததும் கெட்டுவிடும்.

அச்சகத்தில் தாள் வெட்டும் அண்ணனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். நார் ஓட்டத்தைப் பற்றி அவர் சொல்லாவிட்டால் கீற்றுகள் வளையாமல் இடையிடையே ஒடிந்துகொண்டே இருந்திருக்கும். தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். சோதிக்க அவர் காட்டிய வழி இது: தாளில் ஒரு சிறு சதுரம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவ வேண்டும். சில நொடியில் சதுரம் குழல்போலச் சுருளும். குழல் எந்தப் பக்கமாக நீண்டு கிடக்கிறதோ அதுதான் நார் ஓட்டம். ஈரம் பட்டால் நார் நீளத்தைவிடத் தடிமனில் அதிகம் ஊதும், அதனால்தான் அப்படிச் சுருள்கிறது. எங்கள் கீற்று நீளவாக்கில் வளைய வேண்டும். அதற்கு நார் கீற்றின் குறுக்கே ஓட வேண்டும், அதாவது ஏ3 தாளின் குட்டைப் பக்கத்துக்கு இணையாக. இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒட்டுப்பட்டையின் மடிப்பு அப்போது நாருக்குக் குறுக்கே விழுகிறது, மடித்த இடம் பிசிறும். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம் எடை) தாளில், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் கோடு அழுத்திவிட்டு மடித்தால் அது அடங்கிவிடுகிறது. 200 ஜிஎஸ்எம்முக்குப் போனால் வெடிக்கிறது.

ஒட்டுப்பட்டை வளைந்த ஓரத்தில் இருப்பதால் முழுநீளப் பட்டையாக மடியாது. 12 மி.மீ.க்கு ஒரு வெட்டுக் கொடுத்துப் பல் பல்லாக்கச் சொன்ன தம்பிக்கு நன்றி. வெட்டு மடிப்புக் கோட்டுக்கு அரை மி.மீ. முன்னாலேயே நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டால் விளக்கேற்றும்போது அந்த இடத்தில் வெளிச்சம் ஊசிமுனையாகக் கசியும்.

பன்னிரண்டையும் வெட்டுவதற்கு முன் மூன்றே மூன்று கீற்றை ஒட்டிப் பார்க்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. ஒவ்வொரு ஒட்டிலும் அரை மி.மீ. கூடுதலாக ஏறிவிட்டால் பன்னிரண்டு ஒட்டில் 6 மி.மீ. போய்விடும். 754இல் 6 குறைந்தால் வயிற்றுப் பகுதியில் யாருக்கும் தெரியாது. வாயில் சுற்றளவே 188.5தான். அங்கே 6 குறைந்தால் விட்டம் 58.1 ஆகி, வாயில் பொருத்தும் 59 மி.மீ. கம்பி வளையம் உள்ளே போகாது. மூன்று கீற்றின் வாய்ப்பக்கம் 47.1 மி.மீ. இருக்கிறதா என்று அளந்தால் பிழை அங்கேயே பிடிபடும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை எடுத்துவிட்டு, ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து வைத்ததும் அவர் யோசனைதான். அந்தக் கோடு 97 என்று வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அச்சிட வேண்டும், வேறு வழி கிடையாது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் விளக்கின் திரை மாதிரிக்கு ஒளி அமைத்துக் கொடுத்த நண்பருக்கு வருகிறோம். திரையில் விளக்கு சீராக ஒளிர்ந்தது, மேசைமேல் வைத்த மாதிரியிலோ கருங்கோடுகள் விழுந்தன. திரை மாதிரியில் ஒட்டுப்பட்டையே இல்லாததுதான் காரணம். பட்டைகளைத் தனிப் பரப்பாகச் சேர்த்து, தாளுக்கு ஒளி ஊடுருவும் தன்மை கொடுத்தபின் இரண்டும் ஒத்துப்போயின. நிழலை ஒழிக்கப் பார்க்க வேண்டாம், ஒழுங்குபடுத்தினால் போதும் என்றார் அவர். சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபுவில் வடிவமைக்கத் தொடங்கிய அகாரி என்ற காகித விளக்குகளில் மூங்கில் விலாக்களின் கோடுகள்தானே அழகு! பட்டைகள் எல்லாம் ஒரே அகலம், எல்லாம் கீற்றின் வலப்பக்கம் என்று முடிவு செய்தோம். ஒன்று இடம் மாறினாலும் கண் நேரே அங்கேதான் போகும்.

ஒட்டுவது பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் கலந்த பசை தாளைச் சுருக்கும், மெல்லிய இருபக்க ஒட்டுநாடா போதும். ஆறு ஆறாக இரண்டு பாதி செய்து, கடைசி இரண்டு ஒட்டை வாய் வழியே ஒரு மரக்கரண்டியின் முதுகால் அழுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, மின்வேலை பார்த்த அண்ணனுக்கு. திரை மாதிரியில் நாங்கள் பல்பை வரையவே இல்லை. சாதாரண ஏ60 பல்பின் விட்டம் 60 மி.மீ.; 2 மி.மீ. கம்பியில் செய்த வளையத்தின் உள்விட்டம் 55. கையில் இருந்த பல்பை வளையத்தின்மேல் வைத்துக் காட்டினார், அங்கேயே நின்றுவிட்டது. 45 மி.மீ. உருண்டை பல்பை, பால்வண்ணக் கண்ணாடியில், 4 வாட்டுக்கு மேல் போகாமல் மாட்டச் சொன்னார். எல்இடியில் கண்ணாடியைவிட அடிப்பகுதிதான் சூடாகும், அதனால் அது தாளில் படாமல் இருக்க வேண்டும், இரண்டு வாயும் திறந்தே இருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னவை. இப்போது வரைபடத்தில் பல்பும் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பியும் அளவோடு இருக்கின்றன.

நன்றியுடன்,
விளக்கு வடிவமைப்புக் குழுவினர்