பி.டி. பீரியடில் அவனையும் இறக்குங்கள்

வடசென்னைப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாரியப்பன் தங்கவேலுவைத் தெரியாத பி.டி. சார் யாரும் இருக்க மாட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் காலில் பஸ் ஏறி இறங்கியதில், வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார்.

எனக்கு அவர்தான் ஹீரோ. ஆனால் அவர் கதையில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது அவருடைய பள்ளிக்கூட பி.டி. சாரைத்தான். அந்தக் காலோடு வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையனை உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவர். 14 வயதில் முதல் போட்டி. கூடத் தாண்டிய பிள்ளைகளுக்குக் காலில் எந்தக் குறையும் இல்லை. அதிலேயே இரண்டாவதாக வந்தார் மாரியப்பன். பெங்களூரு பயிற்சியாளர் சத்யநாராயணாவின் கண்ணில் பட்டது 2013-ல்தான். விடாமுயற்சி மாரியப்பனுடையது, அதில் பேச்சே இல்லை. முதலில் கம்பியைக் காட்டி ஓடச் சொன்னது ஒரு வாத்தியார்.

என் அக்கா மகன் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாவது படிக்கிறான். பிறவியிலேயே வலது பாதம் உள்பக்கம் வளைந்திருக்கும். சாயங்காலம் எங்கள் சந்தில் அவன்தான் கோல்கீப்பர். மீன்பாடி வண்டி வந்தால் ஆட்டத்தை நிறுத்தி வழிவிடச் சொல்வதும் அவன்தான். பள்ளியில் பி.டி. பீரியட் வந்துவிட்டால் வேலை வேறு. மற்ற பிள்ளைகள் கழற்றித் தரும் ஐடி கார்டுகளை எல்லாம் கழுத்தில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக மரத்தடியில் உட்கார வேண்டும். கேட்டால், "பாவம், விழுந்துடுவான்" என்கிறார்கள். விழட்டுமே சார். சந்தில் தினம் விழுகிறான். முட்டி தேய்ந்து வருகிறான், அக்கா திட்டிக்கொண்டே மருந்து போடுகிறாள், மறுநாளும் அவன்தான் கோல்கீப்பர். ஐடி கார்டு மாட்ட சுவரில் நாலு ஆணி போதுமே.

உங்கள் பாடும் தெரியாமல் இல்லை. நம் பக்கத்தில் பல பள்ளிகளில் மைதானம் என்பது வாத்தியார்களின் பைக்குகள் போக மிச்சம் இருக்கிற இடம். பரீட்சை நெருங்கினால் உங்கள் பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார். விழா என்றால் பந்தல் கட்டுகிற இடத்தில் நிற்பதும் நீங்கள்தான். இதற்கு நடுவில் ஒரு பிள்ளைக்காகத் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்றால் சரி, தனியாக வேண்டாம். இருக்கிற ஆட்டத்திலேயே சேருங்கள்.

எதில் சேர்ப்பது என்பதை அவனையே கேட்கலாம். டோக்கியோவில் மாரியப்பன் தாண்டிய அன்று மழை. அடிபட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டதால் உந்தித் தாண்டக் கஷ்டமாக இருந்தது என்று அவரே சொன்னார். அன்றைக்கு 1.86 மீட்டரோடு நின்றது. தடை என்பது சில நேரம் ஒரு சாக்ஸ் அளவுதான், அதுவும் காலுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். எல்லோரும் உயரம்தான் தாண்ட வேண்டும் என்றும் இல்லை. பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸுக்குப் பிறக்கும்போதே வலது கையில் பாதிப்பு. பாரிஸில் பேட்மிண்டனில் வெண்கலம் வாங்கினார். அதே பிரிவில் காஞ்சிபுரத்துத் துளசிமதிக்கு வெள்ளி.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டவில்லை. "ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?" என்று தலைமையாசிரியர் கேட்டால் எடுத்து நீட்ட உங்களுக்கு ஒரு பிடி இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுத்த முறை அறிவிப்பு வரும்போது, உங்கள் பள்ளியில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அடையாள அட்டை, சான்றிதழ், ஜெராக்ஸ் அலைச்சலை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு கோல்கீப்பரின் தாய்மாமன்,
தண்டையார்பேட்டை