அப்பத்தாவுக்கு: கரை ஒதுங்கிய செம்பு அண்டா

சிவமயம்

பெர்த், ஆஸ்திரேலியா,
6.8.2023

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போனில் பேசினால் காதில் விழவில்லை, கடிதமாகப் போடு என்றீர்கள். தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். நடுவில் அவள் கைச்சரக்கைச் சேர்த்தால் நம்ப வேண்டாம்.

இங்கே ஆகஸ்டிலும் குளிர். வேலை பழகிவிட்டது. கிடங்குக் கணக்குதான், ஐயா பினாங்கில் பெட்டியடியாக உட்கார்ந்த மாதிரி நான் கம்ப்யூட்டரடியில்.

ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒரு பெரிய உருளை ஒதுங்கியதாகச் செய்தியில் வந்ததே, அது என் வீட்டுப் பக்கமா என்று கேட்டீர்களாம். இல்லை. இங்கிருந்து வடக்கே 250 கிலோமீட்டர், கிரீன் ஹெட் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். போன மாத நடுவில் அங்கே கரை ஒதுங்கியது. நம் வீட்டுக் கல்யாண அண்டாவை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துக் கவிழ்த்த மாதிரி இருந்தது. செம்பு நிறம். மேலெல்லாம், கப்பலடியில் ஒட்டுமே, அந்தச் சிப்பி. போலீஸ் காவல் போட்டு, விஷமா வெடிமருந்தா என்று சோதித்துவிட்டு, ஆபத்தில்லை என்றார்கள்.

அதற்குள் கைபேசியில் ஆளாளுக்கு ஒரு கதை. 2014இல் 239 பேரோடு காணாமல் போன மலேசிய விமானத்தின் துண்டு என்றார்கள் பலர். அதைத் தேடிய விமானங்கள் இந்த ஊரிலிருந்துதான் பறந்தன, அதனால் இங்கே அந்தப் பேச்சுக்கு உடனே எல்லோரும் கலங்கிவிடுகிறார்கள். போனவர்களின் வீட்டார் இதைப் படித்தால் என்ன பாடுபடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் சொந்தக்காரர் குழுவில் தேவகோட்டை மாமா சந்திரயானேதான் என்று சத்தியம் செய்தார். அது கிளம்பியது ஜூலை 14. ஓரிரு நாளிலா அவ்வளவு சிப்பி ஒட்டும்? கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

ஜூலை 31 அன்று இந்த நாட்டு விண்வெளித் துறை சொன்னது: பெரும்பாலும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்காக இருக்கும். எரிபொருள் தீர்ந்ததும் கழன்று கடலில் விழுகிற பாகம் அது. மறுநாள் வேலைக்குப் போனால், "உங்கள் சாமான் வந்து கிடக்கிறது, எப்போது எடுத்துப்போகப் போகிறாய்?" என்று ஒரே கேலி. ஐயா காலத்தில் கடல் தாண்டித் தேக்கும் கண்ணாடியும் நம் வளவுக்கு வந்தன. இப்போது நம்மூர்ச் சரக்கு இங்கே கேட்பாரில்லாமல் வருகிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களுக்குப் புரியவில்லை.

அப்புறம் ஒன்று. 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ராத்திரி முழுக்க முற்றத்தில் விழித்திருந்த கதை சொல்வீர்களே, அது விழுந்தது இந்த மாநிலத்தில்தான்! தெற்கே எஸ்பரன்ஸ் என்ற ஊர்ப்பக்கம். ஊருக்குள் குப்பை போட்டதற்காக அமெரிக்காக்காரனுக்கு 400 டாலர் அபராதம் போட்டார்களாம். நமக்கு எவ்வளவு போடுவார்கள் என்றுதான் ஆபீசில் இப்போது பந்தயம். ஸ்கைலாப் துண்டுகளோடு இதையும் அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்று இந்த மாநில முதல்வர் சொல்லியிருக்கிறார். வைத்தால் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

மாவுருண்டை அனுப்ப வேண்டாம் அப்பத்தா. ராக்கெட் கேட்காமல் கரையேறிவிடுகிறது. தின்பண்டம் என்றால் மட்டும் இந்த ஊர்ச் சுங்கத்தில் பிரித்துக் கொட்டிப் பார்க்கிறார்கள்.

தங்கள் அன்புப் பேரன்