பழைய அலுவலகமும் ஓசை அடங்கிய தட்டெழுத்துப் பொறியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் கலைப் பக்கத்தில், ‘மேட் மென்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1960களின் அலுவலக வாழ்க்கையை அணுவளவும் பிசகாமல் காட்டியிருப்பதாக ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். 1963 இல், இருபதாவது வயதில், திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் அதே வேலையைச் செய்து ஓய்வுபெற்றவள் நான். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி தன் மடிக்கணினியில் அத்தொடரைப் போட்டுக் காட்ட, அதன் பெரும்பகுதியை அவளோடு இருந்து பார்த்தேன். கட்டுரையாளர் புகழ்ந்தவற்றுள் பலவற்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், மேசை, கதிரை, உடுப்பு, சாம்பற் கிண்ணம் எல்லாம் சரியாக இருக்கின்றன என்பதற்காக அலுவலகமும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொடரின் கதை 1960 மார்ச் மாதத்தில், நியூயோர்க்கின் மடிசன் அவெனியூவில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்தில் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்திலேயே, புதிதாக வேலைக்கு வந்த பெகி என்ற பெண்ணுக்கு, அங்குள்ள பெண்களை மேற்பார்வை செய்யும் ஜோன் என்பவள் தட்டெழுத்துப் பொறியின் உறையை நீக்கிக் காட்டி, பெண்களும் கையாளக்கூடிய அளவுக்கு ஆண்கள் இதை இலகுவாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்ற கருத்துப்பட ஆறுதல் சொல்கிறாள். அந்தப் பேச்சு அக்காலத்தின் பேச்சேதான். ஆனால் உறைக்குக் கீழே இருப்பது ஐ.பி.எம். நிறுவனத்தின் செலெக்ட்ரிக் பொறி. அது சந்தைக்கு வந்தது 1961 ஜூலை 31 ஆம் திகதி. பெகி அதன் முன்னே அமரும்போது அது வெளிவருவதற்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன. இது தெரியாமல் நேர்ந்த தவறும் அன்று. அக்காலத்து மின் தட்டெழுத்துப் பொறிகளை வேண்டிய எண்ணிக்கையில் தேடிச் சேர்ப்பது கடினமாக இருந்ததாலும், செலெக்ட்ரிக்கின் தோற்றம் காட்சிக்குப் பொருந்தியதாலும் அதைத் தெரிந்தே வைத்ததாகத் தொடரை உருவாக்கிய மத்தியூ வெய்னர் கூறியிருக்கிறார்.

பதினாறு மாதக் கணக்கை நான் பெரிதுபடுத்தவில்லை. என்னை உறுத்தியது, அந்தப் பொறி வந்ததோடு அறையில் இருந்து காணாமற்போன ஓசையும் அசைவுமே. நாங்கள் அடித்த பழைய பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனிக் கம்பி உண்டு. விசையை அழுத்தியதும் அது எழும்பி மை நாடாவில் அடித்துவிட்டு விழும். தாள் சுற்றிய உருளை எழுத்துக்கு எழுத்து இடப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். வரி முடியச் சில எழுத்துகள் இருக்கையில் மணி ஒலிக்கும். உடனே இடது கையால் நெம்பைத் தள்ளி உருளையைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். செலெக்ட்ரிக்கிலோ உருளை நகர்வதே இல்லை. எழுத்துகள் யாவும் பதித்த சிறு உருண்டை ஒன்று தாளின் குறுக்கே ஓடி அடித்துக்கொண்டு போகும். எங்கள் அறையில் ஆறு பொறிகள் ஒன்றாக ஓடின. யாருடைய மணி எப்போது ஒலிக்கும் என்பது ஒரு மாதத்திலேயே பழகிப்போய்விடும். ஒருத்தி அடிப்பதை நிறுத்தினால், எழுந்து வந்து பார்க்காமலே அடுத்த அறையில் இருந்த பிரதம லிகிதருக்குத் தெரிந்துவிடும். அந்த ஓசைதான் எங்களுக்குக் காவல், அவருக்குக் கணக்கு. தொடரில் பெண்கள் தம் மேசைகளில் அமர்ந்து தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. மின்பொறி நிறைந்த அமெரிக்க அலுவலகத்திற்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம் என்றாலும், வேலை நேரத்தில் இவ்வளவு அமைதியான தட்டெழுத்து அறையை என்னால் நம்ப முடியவில்லை.

அதைவிடப் பெரிய குறை, அடிக்கும்போது நேரும் பிழையும் அதைத் திருத்தும் பாடும் கதையில் இடம்பெறாமற்போனது. எங்களுக்கு ஒரு கடிதம் என்றால் மூலமும் நான்கு பிரதிகளும்: ஐந்து தாள், இடையிடையே, அடித்த எழுத்தைக் கீழுள்ள தாளில் பதிக்கும் மைத்தாளாகிய காபன் தாள் நான்கு. நான்காவது பிரதியிலும் எழுத்து விழவேண்டும் என்பதற்காக விரலை ஊன்றி அடிக்கவேண்டும். பின்னேரம் ஆனதும் மணிக்கட்டு கடுக்கும். ஓர் எழுத்துப் பிசகினால் ஐந்து தாளிலும் திருத்தவேண்டும். ஒவ்வொரு காபனுக்கும் பின்னே சிறு கடதாசித் துண்டைச் செருகி, மூலத்தை வன்மையான அழிப்பானாலும் பிரதிகளை மென்மையான அழிப்பானாலும் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டி, துண்டுகளை உருவியெடுத்து, அதே இடத்துக்கு உருளையைக் கொண்டுவந்து சரியான எழுத்தை அடிப்போம். துண்டொன்றை எடுக்க மறந்தால் அந்தப் பிரதியில் வெற்றிடந்தான் இருக்கும். இவ்வளவும் ஓர் எழுத்துக்கு. மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் ஒரு சொல்லைச் சுழித்து அனுப்பினால் முழுத் தாளையும் திரும்ப அடிக்கவேண்டும்; பிழை அவர் வாசகத்தில் இருந்தாலும் திரும்ப அடிப்பவள் நான்தான். அமெரிக்காவிலும் இந்தப் பாடு குறைவாக இருக்கவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. மின்பொறியின் காபன் நாடாவில் அடித்த எழுத்தை அழித்தால் தாள் முழுவதும் கறை படிந்தது. அதனால் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு வங்கியில் செயலாளராக இருந்த பெட் கிரஹாம் என்ற பெண் 1950களில் வெள்ளைச் சாயத்தைப் போத்தலில் கொண்டுபோய்ப் பிழையின் மேல் பூசத் தொடங்கினார். அதுவே பின்னர் உலகமெங்கும் விற்பனையான திருத்துமை ஆயிற்று. ஒரு தொழிலில் இருந்த பெண், அத்தொழிலின் வலியிலிருந்து கண்டுபிடித்த பொருள் அது. அந்த வலியை இத்தொடரில் தேடினேன், அதிகம் கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்கென்று வேறொரு தொல்லையும் இருந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தினால் வேர்த்துத் தாள் நனையும். திறந்தால் தாள்கள் அறை முழுவதும் பறக்கும். கடற்கரையில் பொறுக்கிய கற்கள் ஒவ்வொரு மேசையிலும் நாலைந்து கிடக்கும். உப்புக் காற்றில் பொறியின் கம்பிகள் துருப்பிடிக்காமல் வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பதும் எங்கள் வேலைதான்.

இவ்வளவு குறை சொன்ன நான், ஓர் இடத்தில் அத்தொடரைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருக்கிறேன். இரண்டாவது பருவத்தில், 1962 இல், ஸெரொக்ஸ் 914 என்ற பிரதியெடுக்கும் பொறி அந்த நிறுவனத்துக்கு வந்து சேர்கிறது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள்வரை பிரதியெடுக்கும் என்பதால் அதற்கு அந்தப் பெயர். எடை ஏறக்குறைய முந்நூறு கிலோ. அதை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில், செயலாளராக இருந்து விளம்பர வாசகம் எழுதுபவளாக உயர்ந்துவிட்ட பெகியின் அறையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஆண்களுக்கு நிகரான வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் இடம் தேவைப்பட்டபோது எல்லோருடைய கண்ணும் அவளுடைய அறைமீதுதான் விழுந்தது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அலுவலகம் ஒரு பெண்ணை எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதை இதைவிட உண்மையாகக் காட்ட முடியாது. அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு நினைவும் வந்தது. எங்கள் அலுவலகத்துக்குப் பிரதியெடுக்கும் பொறி வர அதன்பிறகு பல ஆண்டுகள் ஆயின. அதுவரை சுற்றுநிருபம் என்றால் மெழுகுத் தாள்தான்: நாடாவை விலக்கிவிட்டு வெறும் எழுத்தால் அடிப்போம், அடிபட்ட இடத்தின் வழியே மை இறங்கிப் பிரதி விழும்; சற்று அழுத்திவிட்டால் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தின் நடுப்பகுதி கழன்று விழுந்து, பிரதிகளை அச்சிடும் றோணியோ பொறியில் ஓட்டும்போது ஒவ்வொரு பிரதியிலும் கருவட்டமாக வந்து நிற்கும்.

பதவி வரிசையையும் தொடர் சரியாகப் பிடித்திருக்கிறது. யார் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறார், யார் தட்டாமல் நுழைகிறார், யாரைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள், யாரை அப்படி அழைப்பதில்லை என்ற நுட்பங்களில் ஒரு பிசகும் இல்லை. எங்களிடம் அது வேறு உருவில் இருந்தது. மேலதிகாரி ‘சேர்’; நாங்கள் எல்லோரும் ‘மிஸ்’; பதினைந்து ஆண்டு சேவை செய்த பியோனை மட்டும் நேற்று வந்த இளைஞனும் பெயர் சொல்லி அழைப்பான். அவர் என் தகப்பன் வயதுக்காரர். நான் அவரை ‘ஐயா’ என்றே அழைத்தேன், அதற்காக ஒரு தடவை கண்டிக்கவும் பட்டேன்.

நம்மவர்கள் எடுக்கும் தமிழ்த் தொடர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பழைய காலம் என்று காட்டுவதற்கு ஒரு கறுப்புத் தொலைபேசியும் ஒரு தட்டெழுத்துப் பொறியும் போதும் என்று நினைக்கிறார்கள். நடிகை இரண்டு விரலால் அடிக்கிறாள், வரி முடிந்தும் மணி ஒலிப்பதில்லை, உருளையும் திரும்புவதில்லை. இந்த ஊரின் அலுவலகத்தைக் கதையாக்க விரும்புகிறவர்களுக்கு எவ்வளவோ இருக்கிறது. என் தகப்பனார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டதும், ஆங்கிலக் கடற்படையை நம்பி இருந்த எத்தனையோ குடும்பங்களைப் போல எங்கள் வீடும் ஆடிப்போயிற்று. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் 1961 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், ஆங்கிலத்தில் வரைந்து ஆங்கிலத்தில் அடித்துப் பழகிய தமிழ் உத்தியோகத்தர்கள், பதவி உயர்வுக்காக நடுவயதில் சிங்கள அரிச்சுவடியைக் கையில் எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில், சோற்றுப் பொதியை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுத்தெழுதிப் பழகியவர்களை நான் கண்டிருக்கிறேன். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறை நாளாக இருக்கவில்லை. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் அரைநிலா நாள்கள் ஆகிய போயா நாள்களே வார விடுமுறை. சில வாரம் ஏழு நாளாகவும் சில வாரம் எட்டு நாளாகவும் வந்தது. அந்த ஆண்டுகளில் நடக்கும் கதையில் குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓய்ந்திருப்பதாகக் காட்டினால், அந்தக் காலத்தில் உத்தியோகம் பார்த்த எவரும் அதை ஏற்கமாட்டார்.

இவற்றை அறிவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அக்காலத்தில் வேலை செய்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறோம். என் தூரிகை வைத்த அழிப்பானும், ஒரு பெட்டி காபன் தாளும், பிட்மன் சுருக்கெழுத்துப் பயிற்சிக் கொப்பிகள் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அப்படியொரு தொடரை எடுக்க முன்வருகிறவர்கள் தங்கள் பத்திரிகையின் மூலம் என்னைத் தொடர்புகொண்டால், அவற்றை இரவல் தருவதோடு, ஐந்து தாளை நான்கு காபனோடு நேராகச் சேர்த்து உருளையில் ஏற்றுவது எப்படி என்பதையும் நடிக்கும் பிள்ளைக்கு உட்கார்ந்து பழக்கிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டெழுத்தாளர்,
திருகோணமலை.