பூசம் முடிந்த பிறகும் எரியும் அடுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த வடலூர் தைப்பூசப் படங்களைப் பார்த்தேன். ஞான சபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலகும் நேரத்துக் கூட்டம், வழியெல்லாம் அன்னதானப் பந்தல், சாம்பார் வாளியோடு ஓடும் பிள்ளைகள், எல்லாம் மனதுக்கு நிறைவாக இருந்தது. நான் குறிஞ்சிப்பாடியில் பிறந்து வளர்ந்தவள், அந்தக் கூட்டத்தில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து ஜோதி பார்த்தவள். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். பூசத்தன்று சோறு போட எத்தனையோ பேர் வருகிறார்கள். பத்து நாள் கழித்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பசித்தவர்களுக்குச் சோறு போடும் அங்குள்ள தருமச்சாலைக்குப் போய்ப் பாருங்கள். அன்றைக்கும் பந்தி நடக்கும், அன்றைக்கும் பசியோடு வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சோற்றுக்கு அரிசி யார் கொடுத்தது என்று யாரும் படம் எடுப்பதில்லை.

வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23ஆம் தேதி. பார்வதிபுரத்து மக்கள் ஏறக்குறைய 80 காணி நிலத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு 21 அடி நீளம், இன்றுவரை அணையவில்லை. திருவிழாவுக்கு மட்டும் சோறு போட நினைத்திருந்தால் அவர் இவ்வளவு பெரிய அடுப்பைக் கட்டியிருக்க வேண்டியதே இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதையே அவர் கடவுள் வழிபாடு என்றார். வந்தவன் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காதே என்றார். வழிபாடு என்றால் தினமும் செய்வதுதானே? தைப்பூசத்துக்கு மட்டும் விளக்கேற்றிவிட்டு மற்ற நாளெல்லாம் வீட்டை இருட்டாகப் போட்டு வைப்போமா?

எங்கள் வீட்டில் அம்மா ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, அருட்பெருஞ்ஜோதி மந்திரத்தைச் சொல்லி அந்த டப்பாவில் போடுவாள், காலை ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. மாதக் கடைசியில் இரண்டு படி தேறும். நாங்கள் சாப்பிடுகிற அதே அரிசி, தனியாக மட்ட அரிசி வாங்கிப் போட்டதே கிடையாது. சாலைக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள் அதை முறத்தில் போட்டுப் புடைத்து, கல் பொறுக்கி, துணியில் முடிந்து வைப்பாள். எங்களுக்குக் கூட அவ்வளவு பார்த்துப் புடைத்ததில்லை! அப்பா லுங்கி நெசவு. நூல் வராத மாதங்கள் உண்டு, அந்த மாதங்களில் அம்மாவின் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. அப்படி ஒரு மாதத்தில் ராத்திரி சோறு பத்தாமல் நான் அந்த டப்பாவைக் காட்டிக் கேட்டுவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "அது சாலை அரிசிடி, நம்மளுது இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்து எனக்கு வைத்தாள்.

இளையான்குடி மாற நாயனார் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடியார் வந்தது நடுராத்திரி, கொட்டுகிற மழை, வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லை மழையிலேயே போய் வாரிக்கொண்டு வந்தார், கூரை வரிச்சை அறுத்து விறகாக்கினார்கள். பசி நமக்குத் தோதான நாளைப் பார்த்தா வருகிறது?

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், என் அண்ணன் மகன் தன் பிறந்தநாளுக்கு அன்னதானம் கொடுக்க ஒரு அறக்கட்டளையில் கேட்டிருக்கிறான், அந்தத் தேதிக்கு ஏற்கெனவே வேறு யாரோ பணம் கட்டிவிட்டார்களாம், அடுத்த வாரம் கொடுங்களேன் என்றிருக்கிறார்கள். "அந்த நாள் கிடைக்கலைன்னா அப்புறம் எதுக்கு அத்தை?" என்கிறான். நல்ல பிள்ளை, கை நீட்டிக் கொடுக்கிற மனசு உள்ளவன். ஆனாலும் அன்று எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. அடுத்த வாரம் அங்கே வந்து உட்காரப் போகிறவரின் பசி இவனுக்குக் கணக்கில் வரவில்லையே! பிறந்தநாளுக்குக் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன், தாராளமாகக் கொடுங்கள். நாள் கிடைக்கவில்லை என்று கொடுக்காமல் விடுவதுதான் தாங்கவில்லை. இதை அவனிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டான், பதில் பேசவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நிருபர் வடலூர் போகும்போது கூட்டம் இல்லாத நாளில் போகட்டும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து காய்கறியும் அரிசியும் கொண்டுவந்து இறக்குகிறவர்களோடு, காய் நறுக்குகிறவர்களோடு, பந்தியில் உட்காருகிறவர்களோடு பேசட்டும். அந்தப் படங்களையும் இதே அளவில் போடுங்கள்.

இப்போது வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். குக்கரில் வைக்கிறேன், ஒரு வேளைதான் சோறு, அதனால் ஒரு பிடிதான் எடுக்க முடிகிறது. டப்பா நிரம்ப இரண்டு மாதம் ஆகிறது, வண்டு வராமல் இருக்க நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குறிஞ்சிப்பாடி.