நனைந்த தாள்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் தாள்களெல்லாம் நனைந்துபோன அந்த இரவு எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். மறுபடி சொல்லும் தெம்பு எனக்கில்லை. டேனியர் ஆட்சிக்காலத்தில் தரங்கம்பாடியில் இருந்த தாவரவியலாளர்களின் கடிதங்களிலிருந்து பல ஆண்டுகளாக நான் கையால் படியெடுத்த தாள்களில் பெரும்பகுதி மீண்டும் என் மேசைக்கு வந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கவே இம்மடல்.

ஊறி ஒட்டிக்கிடந்த தாள்களை நான் மொட்டைமாடியில் பரப்பக் கிளம்பியபோது, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெரியவர் தடுத்தார். "வெயில்ல போட்டா சுருண்டு போயிடும் டீச்சர், எங்கிட்ட குடுங்க" என்றவர், ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே பலகையையும் கரி போடாத இஸ்திரிப் பெட்டியையும் பாரமாக ஏற்றினார். ஈரம் இழுத்த செய்தித்தாள்களைக் காலையும் மாலையும் மாற்றினார். பதினொரு நாட்கள், ஒரு ரூபாய்கூட வாங்காமல். நான்காம் நாள் அவர் பிரித்துக்காட்டிய தாளில், நீல மை சற்றே கசிந்திருந்தாலும், 'கோனிக்' என்ற பெயர் படிக்கும்படி இருந்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

செடிகளை உலர்த்திப் பாடம் செய்வதும் இப்படித்தான். சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் பயின்ற யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து, செடிக்கு இரண்டே சொற்களில் பெயரிடும் தம் ஆசானின் முறையை இங்கிருந்த மிஷனரிகளிடமும் பின்னர் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராக்ஸ்பரோவிடமும் கொண்டுசேர்த்தவர். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு இட்ட பெயரில் கோனிக்கின் பெயர் இன்றளவும் நிற்கிறது. உலர்ந்த செடிகளும் கடிதங்களும் மாதக்கணக்கில் கப்பலேறிப் போன அந்தக் காலத்தில், கடற்கரை ஊரின் ஐப்பசி மழையில் சில நாட்கள் தாள் மாற்றத் தவறினாலே பூஞ்சணம் பிடித்து எல்லாம் வீணாகியிருக்கும். அந்தத் தாள்களை மாற்றிய கைகள் யாருடையவை என்று இத்தனை ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடத் தேடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தங்க இடம் தந்த தோழியர், லத்தீன் வரிகளைச் சரிபார்த்த நண்பர், அலமாரியைத் தோளில் சுமந்த மாணவர்கள், தினமும் சோறு அனுப்பிய எதிர்வீட்டு அம்மா, உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

கடிதங்களை முதலிலிருந்து மறுபடி படிக்கப்போகிறேன். செடி பறித்து வந்தவரைப் பற்றியோ ஊர்ப்பெயர் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றியோ ஒரு சொல் கிடைத்தாலும் அதை இக்கடிதங்களைப் பற்றி நான் எழுதும் நூலில் சேர்ப்பேன். பெரியவரின் பெயரை முன்னுரையில் எழுத அவரிடம் அனுமதியும் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு கட்டுகள் அவருடைய வண்டியின் அடித்தட்டில் உலர்கின்றன. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.