தணல் அடங்காத அடுப்பு

ஸ்கார்பரோ, கனடா,
செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். விசா வந்துவிட்டது என்று அப்பா சொன்னதில் ரொம்ப சந்தோஷம். நவம்பரில் நீங்கள் வந்த பிறகு வாரநாட்களில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம். பகல் முழுக்க சமையலறை உன் கையில்தான். அதனால் இந்தக் கடிதத்தில் அடுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். தினமும் இந்த அடுப்புகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வரியையும் நம்பிப் படி. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வா.

இங்கே அடுப்பு மேடைமேல் இருக்காது. பீரோ மாதிரி தரையில் நிற்கும், 30 அங்குல அகலம். மேலே நாலு பர்னர், நடுவில் ஓவன், அடியில் ஓர் இழுப்பறை. ரேஞ்ச் என்பார்கள். சிலிண்டரும் இல்லை, குழாயும் இல்லை. எல்லாம் கரண்ட். இதற்கென்றே 240 வோல்ட்டில் 40 ஆம்ப் லைன் தனியாக வருகிறது. சின்ன பர்னர் 1,200 முதல் 1,500 வாட் இழுக்கும், பெரியது 2,500 வாட்டுக்குப் பக்கத்தில். மேல்பரப்பு வழவழவென்று கறுப்புக் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு என்று நினைத்துவிடாதே. முதல் ஆபத்தே அதுதான். இண்டக்‌ஷனில் பாத்திரம்தான் சூடாகும், பாத்திரத்தை எடுத்தால் அடுப்பு தானே நின்றுவிடும். இதில் கண்ணாடிக்கு அடியில் ஒரு கம்பிச்சுருள் செக்கச் சிவப்பாகக் காய்ந்து, கண்ணாடியையும் சேர்த்துக் காய்ச்சும். மேலே பாத்திரம் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. நீ நாப்பை, அதாவது எண் போட்ட குமிழை, திருகி நிறுத்தும்வரை எரிந்துகொண்டே இருக்கும்.

கேஸ் அடுப்புப் பழக்கத்தையும் மூட்டை கட்டி வை. பாட்டி வீட்டு விறகடுப்பை நினைத்துக்கொள். விறகை வெளியே இழுத்துவிட்டாலும் தணல் அப்படியே கனன்றுகொண்டிருக்கும் இல்லையா? இந்த அடுப்பும் அப்படித்தான். ஆஃப் செய்தாலும் தணல் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு நிறம் ஒரு நிமிடத்துக்குள் மறைந்து, கண்ணாடி மறுபடி கறுப்பாகிவிடும். ஆனால் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு இன்னும் பல நிமிடம் இருக்கும். அதற்காகத்தான் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. பர்னர் ஆறினால்தான் அது அணையும். அந்த விளக்கு எரியும்வரை அடுப்பு எரிகிறது என்றே வைத்துக்கொள்.

பால் காய்ச்சும்போதுதான் இது நன்றாகப் புரியும். கேஸில் பால் விளிம்புக்கு வரும்போது திருகினால் போதும், சட்டென்று அடங்கும். இங்கே திருகினாலும் பொங்கி வழியும். நாப்பைத் தொடுவதற்கு முன்னால் பாத்திரத்தைத் தூக்கி, பக்கத்தில் ஆறிய இடத்தில் வை, அப்புறம் அணை. அல்லது ஓரத்தில் முத்து முத்தாக நுரை கட்டும்போதே அணைத்துவிடு, மீதிச் சூட்டில் அதுவே பொங்கும். வடித்த சாதத்தைச் சூடாக வைத்திருக்க, ரசம் நுரை கூட்டி அடங்க, நெய் உருக்க, இந்த மீதித் தணல் ரொம்ப உதவும். ஐந்து நிமிடம் முன்னாலேயே அணைத்துப் பழகிவிட்டால் பாத்திரமும் அடிப்பிடிக்காது, கரண்ட்டும் மிச்சம்.

குக்கருக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு பர்னரை ஹையில் வை. விசில் வரும் சமயத்தில் பக்கத்து பர்னரை 2-இல் போட்டுவிடு. முதல் விசில் வந்ததும் குக்கரை அதற்கு மாற்றி, பழையதை அணை. ஒரே பர்னரில் வைத்துக்கொண்டு சிம்மில் திருகினால், சூடு இறங்குவதற்குள் இன்னும் இரண்டு மூன்று விசில் வந்து பருப்பு குழைந்துவிடும்.

ஹையில் வைத்திருக்கும்போது கம்பி சிவந்து சிவந்து அணைவதைப் பார்த்துப் பயப்படாதே. கண்ணாடி அளவுக்கு மீறிக் காயாமல் இருக்க உள்ளே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், அது விட்டு விட்டுத்தான் எரியும். பழுது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களில் பல பேருக்கு இதைத்தான் விளக்கிவிட்டுத் திரும்புவேன்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும், அம்மா. கனடாவில் வீடுகள் தீப்பிடிக்க முக்கியமான காரணங்களில் ஒன்று அடுப்பில் வைத்துவிட்டு நகர்ந்துபோவது. ஹையில் வைத்த எண்ணெய் நீ குறைத்த பிறகும் சற்று நேரம் ஏறிக்கொண்டே போகும். வடைக்கு எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். நாப்பை 6-க்கு மேல் திருகாதே. மாவைக் கிள்ளிப் போட்டு அது மேலே வந்ததும் 4-க்கும் 5-க்கும் நடுவில் கொண்டுவந்துவிடு. வாணலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் வைக்கும் முன்பே அந்த வாணலிக்குப் பொருந்தும் மூடியைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள். தீப்பிடித்தால் செய்ய வேண்டியது: மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடு, நாப்பை அணை, தள்ளி நில். தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் கொதிக்கும் எண்ணெய் நெருப்போடு மேலே தெறிக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. ஆறும்வரை மூடியைத் திறந்து பார்க்காதே. அடங்காவிட்டால் அப்பாவோடு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 911-ஐக் கூப்பிடு.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள். சுவாலை இல்லையே என்று கை தானாகவே அசட்டையாகிவிடும். நைலான் தலைப்பு கண்ணாடியில் பட்டால் தீக்கு முன்னால் உருகி ஒட்டும்.

பாத்திரத்துக்கு வருகிறேன். அடி தட்டையாக இருக்க வேண்டும். உருண்டை அடி கடாய் இங்கே உதவாது. நடுவில் ஒரு புள்ளிதான் தொடும், மற்ற சூடெல்லாம் கண்ணாடிக்கே போகும். வளையம் வைத்து அதன்மேல் கடாயை உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, வளையத்துக்குள் சூடு அடைபட்டுக் கண்ணாடியைக் கெடுக்கும். பாத்திரத்தைக் கவிழ்த்து ஒரு ஸ்கேலை அடியில் குறுக்காக வைத்துப் பார். நடுவில் இம்மியளவு உள்வாங்கியிருந்தால் பரவாயில்லை, சூடானால் சமமாகிவிடும். வெளியே புடைத்திருந்தால் பாத்திரம் பம்பரம் மாதிரி சுற்றும். அது வேண்டாம். பர்னர் வட்டத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. தோசைக்கல்லைக் கொண்டுவா. நம் அடுப்பில் முன்பக்க வலது பர்னருக்கு இரண்டு வளையம் உண்டு, நாப்பை ஒரு பக்கம் திருகினால் 6 அங்குலம், மறுபக்கம் திருகினால் 9 அங்குலம். கல்லைப் பெரிய வளையத்தில், 5-இல் ஏழெட்டு நிமிடம் காயவிடு. காயவில்லையே என்று ஹைக்குப் போனால் நாலாவது தோசை கருகும். கல்லைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். இழுத்தால் வார்ப்பிரும்பு கண்ணாடியைக் கீறிவிடும்.

ஈயச்சொம்பைக் கொண்டுவராதே. ஈயம் 232 டிகிரியிலேயே உருகும். கேஸில் ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பு தாங்குகிறது, இறக்கும்போது நீ அணைத்துவிடுகிறாய். இங்கே ரசத்தை ஊற்றிவிட்டுச் சொம்பைப் பழக்கதோஷத்தில் திரும்ப அடுப்பிலேயே வைத்தால், மீதித் தணலிலேயே அடி கண்ணாடியோடு ஒட்டிப்போகும். மண்சட்டியும் வேண்டாம். அடி சொரசொரவென்று கண்ணாடியை அரிக்கும், விரிசலும் விடும்.

பாகு வழிந்தால் மட்டும் ஆறும்வரை காத்திருக்காதே. மற்ற எல்லாக் கறைக்கும் ஆறட்டும் என்று சொல்கிற நான் இதற்கு மட்டும் அவசரப்படுத்துகிறேன். இந்தக் கண்ணாடி சூட்டில் விரியாது, குளிரில் சுருங்காது. அதன்மேல் ஒட்டிய வெல்லமும் சர்க்கரையும் ஆறும்போது சுருங்கும், கண்ணாடியின் மேல்தோலையும் சில்லாகப் பிய்த்துக்கொண்டு வரும். குழி விழுந்தால் எந்த மருந்தும் இல்லை, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். வழிந்தவுடன் அணை, பாத்திரத்தை எடு, தடித்த கையுறை போட்டுக்கொள். முதல் இழுப்பறையில் பிளேடு வைத்த சுரண்டி இருக்கிறது. அதைச் சாய்வாகப் பிடித்துப் பாகை ஆறிய பக்கத்துக்குத் தள்ளி வழித்துவிடு. பிளாஸ்டிக் மூடி, அலுமினியத் தாள் உருகினாலும் இதே வைத்தியம்தான்.

அன்றாடம் துடைப்பது எளிது. விளக்கு அணைந்த பிறகு பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவி, அதன்மேல் ஈரத்துணி போட்டு 15 நிமிடம் விட்டுத் துடைத்தால் கறை வரும். கடைசியில் கொஞ்சம் வினிகர். கம்பி நார், சபீனா மாதிரி தூள், அமோனியா கலந்த ஜன்னல் திரவம் மூன்றும் கூடாது. சூட்டின்மேல் ஈரத்துணி போட்டால் ஆவி கையைச் சுடும். சமைக்காத நேரத்தில் அடுப்பை மேடையாக நினைத்துக் காய்கறிப் பை, மளிகைச் சீட்டு எதையும் அதன்மேல் வைக்காதே.

மிசிசாகாவில் சித்தி வீட்டில் காயில் அடுப்பு, வெளியே தெரியும் கறுப்புச் சுருள். அதன் அடியிலிருக்கும் கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் நிறைய உண்டு. தாள் சுருளின் முனையைத் தொட்டால் ஷார்ட் ஆகும். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவினாலே போதும். ஒரு சுருள் காயவில்லை என்றால், எல்லாம் ஆறிய பிறகு அதே அளவுள்ள இன்னொன்றை உருவி அந்த இடத்தில் செருகிப் பார்க்கச் சொல். அது காய்ந்தால் பழையது போய்விட்டது. அதுவும் காயாவிட்டால் செருகும் முனை கருகியிருக்கும், நான் வந்துதான் பார்க்க வேண்டும்.

ஓவனை நான் இருக்கும்போது கற்றுக்கொள்ளலாம். அதன் எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், 350 என்றால் நம் கணக்கில் 177. அதுவரை இரண்டு விஷயம். இங்கே நம்மவர் வீடுகளில் வாணலியையும் தட்டையும் ஓவனுக்குள் அடுக்கிவைப்பார்கள். நாம் வைப்பதில்லை, யாராவது பார்க்காமல் போட்டுவிட்டால் பிடியெல்லாம் உருகும். செல்ஃப் கிளீன் என்ற பட்டனை அமுக்காதே, அது உள்ளே ஒட்டிய அழுக்கைச் சூட்டிலேயே எரித்துச் சுத்தம் செய்வதற்கு. கதவு தானே பூட்டிக்கொண்டு உள்ளே ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், மணிக்கணக்கில் ஓடும், புகை வீடு முழுக்க வரும்.

தாளிக்கும்போது புகை அலாரம் கத்தும். மேலே இருக்கும் ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திற, அலாரத்தின் நடுப் பொத்தானை ஒரு முறை அமுக்கு, அடங்கும். பேட்டரியைக் கழற்றவே கூடாது. ஒன்டாரியோவில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதை முடக்குவது குற்றம்.

இந்தப் பத்தியை அப்பாவிடம் படித்துக் காட்டு. அப்பா, அடுப்பின் கடிகாரம் எரிந்து பர்னர் மட்டும் காயாவிட்டால், கடிகாரம் 120 வோல்ட்டில் ஓடுகிறது, பர்னருக்கு வேண்டிய 240-இல் ஒரு பாதி வரவில்லை என்று அர்த்தம். வீட்டின் மின்பெட்டியில் (பேனல்) இரட்டையாக இருக்கும் பிரேக்கரை முழுக்க ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் செய்யுங்கள், ஒரே ஒரு முறை. மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடியில் முடியளவு விரிசல் கண்டாலும் அதே பிரேக்கரை அணைத்துவிடுங்கள், வழிகிற தண்ணீர் அதன் வழியே கரண்ட் கம்பிக்கு இறங்கும். பாப்பா ஓவன் கதவைத் திறந்து அதில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பே முன்னால் சாயும். பின்காலைப் பிடிக்க ஓர் இரும்புக் கொக்கி தரையில் போட்டிருக்கிறேன், ஆனாலும் கொதிக்கும் பாத்திரம் சரிந்து வரும். கரண்ட் போனால் முதல் வேலையாக எல்லா நாப்பும் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். 2013 டிசம்பரில் இங்கே பனிமழை மரங்களை ஒடித்து லைனை அறுத்ததில் டொரொன்டோவில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. பல இடங்களில் நாள்கணக்கில் வரவில்லை. அப்படி நேர்ந்து எல்லோரும் வெளியே போயிருக்கும்போது கரண்ட் திரும்பினால், மறந்துவிட்ட பர்னர் ஆளில்லாத வீட்டில் காயும். அந்தச் சமயத்தில் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவும் கூடாது, அதன் வாயு வாசனை இல்லாமல் கொல்லும்.

அம்மா, பெட்டியில் இடம் இருந்தால் தட்டை அடி வைத்த இட்லிப்பானை ஒன்று, குக்கருக்கு இரண்டு கேஸ்கட், தோசைக்கல்லுக்குக் கட்டைப் பிடி போட்ட திருப்பி. கல்லைத் துணியில் சுற்றிச் செக்-இன் பெட்டியின் அடியில் வை. கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அன்புடன்,
உன் மகன்