பெரியம்மா, இந்தமுறை நல்லூர் முடித்துவிட்டு வாருங்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய இலையுதிர்கால மரங்களின் படங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு வரிதான் பேசி அனுப்பியிருந்தீர்கள்: "என்ன பிள்ளை, மரமெல்லாம் பட்டுப்போச்சுதே, தண்ணி இல்லையோ?" வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு யோசித்தால் பிழை எங்களுடையதுதான். இரண்டு தரம் உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டோம், இரண்டு தரமும் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையைப் பார்த்து ஆடி, ஆவணியில். நீங்கள் கண்டதெல்லாம் பிறந்தநாள் மண்டபமும் நயாகராவும் எங்கள் பேஸ்மென்டும்தான். அதோடு இரண்டு வருடமும் நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழா போய்விட்டது. அதை நீங்கள் வாயால் சொல்லவில்லை, தேரன்று யூடியூபுக்கு முன்னால் இருந்த இருப்பிலேயே தெரிந்தது.

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த வருடம் நல்லூர் இருபத்தைந்து நாளும் கும்பிட்டு முடியுங்கள், தீர்த்தமும் ஆடிவிட்டுச் செப்டெம்பர் கடைசியில் விமானம் ஏறுங்கள்.

மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பகல் குறையக் குறைய இலையில் இருக்கிற பச்சையை மரம் தானே கரைத்து, அதில் உள்ள சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் புதிதாக வருவதில்லை, கோடை முழுக்கப் பச்சைக்குக் கீழே ஒளிந்திருந்ததுதான். சிவப்புத்தான் அந்த நேரத்தில் புதிதாக ஊறுவது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று ஒரு கிழமை அமைந்தால் மேப்பிள் மரம் குங்குமம் கொட்டின மாதிரி நிற்கும். மழையும் மப்புமாக இருந்தால் மங்கல்தான், அந்த வருடம் எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை.

காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்று எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! இங்கே ஒரு இலையை மெதுவாகக் கிள்ளிப் பாருங்கள், அதன் காம்படியில் அடுத்த வருடத்து மொட்டு ஏற்கனவே சின்னதாக உட்கார்ந்திருக்கும். நான் இங்கே வந்து பத்து வருடத்துக்குப் பிறகுதான் அதைக் கவனித்தேன். நீங்கள் முதல் நாளே கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதைப் பார்க்க எல்லாரும் மூன்று மணித்தியாலம் காரோட்டி அல்கொங்குவின் காட்டுக்கு ஓடுவார்கள். போகலாம்தான், ஆனால் வார இறுதி என்றால் உள்ளே விட முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும், வழியெல்லாம் கார் நெரிசல், உங்கள் முழங்காலும் சம்மதிக்காது. ஸ்காபரோவிலேயே ரூஜ் பூங்கா இருக்கிறது. பெயர்தான் பூங்கா, உண்மையில் காடு, ஆறு, வயல் எல்லாம் உண்டு. உள்ளே போகக் காசும் இல்லை. மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் கொஞ்சத் தூரம் நடந்தால் மரத்தால் கட்டின ஒரு மேடை வரும், அங்கே பிளாஸ்க் தேத்தண்ணியோடு இருந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஒக்டோபர் நடுப்பகுதி நல்ல நேரம்.

உங்களுக்கு மரத்தைவிட மீன் பிடிக்கும் என்பதும் தெரியும். கிழக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் போர்ட் ஹோப் என்ற ஊர். அங்கே கனராஸ்கா ஆற்றில் செப்டெம்பரிலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் சினூக் சால்மன் ஏறிவரும். ஒவ்வொன்றும் கைப்பிள்ளை பருமன். ஒன்ராறியோ ஏரியில் இருந்து வந்து, அணைக்குக் கீழே நின்று துள்ளித் துள்ளி விழும், பக்கத்தில் மீன்கள் ஏறிப் போகவென்றே படி மாதிரி ஒரு வழியும் கட்டி விட்டிருக்கிறார்கள். ஆற்றுக்குள் புகுந்த பிறகு அது சாப்பிடாது, முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகும். பசிபிக் பக்கத்து மீனை மனிதர்கள்தான் இந்த ஏரிக்குள் கொண்டுவந்து விட்டார்கள், இங்கேயே இருந்த அத்லாந்திக் சால்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னமே இல்லாமல் போய்விட்டது. "ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். அணைக்குக் கிட்டப் பிடிக்க விடமாட்டார்கள், பெரியம்மா, கேட்காதீர்கள்.

ஒக்டோபர் இரண்டாவது திங்கள் இங்கே நன்றி சொல்லும் நாள், விடுமுறை. எல்லாரும் அத்தான் வீட்டில் கூடுவோம். போன வருடம் அவர் வெள்ளைக்காரர் மாதிரி முழு வான்கோழியை ஓவன் அடுப்புக்குள் வைத்தார், வெளியே எடுத்தபோது வைக்கோல். கடைசியில் அக்கா அதைப் பிய்த்துப்போட்டு யாழ்ப்பாணத் தூளில் பிரட்டினதால்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இந்த முறை ஆட்டிறைச்சி என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அப்புறம் முற்றம். கோடையில் வந்தபோது "கூட்டுவதற்கு ஒரு முற்றம்கூட இல்லாத வீடு" என்று அலுத்துக்கொண்டீர்களே, ஐப்பசியில் வந்து பாருங்கள், காலையில் கூட்டினால் மத்தியானம் திரும்ப முழங்கால் அளவு. ஈர்க்குமாறு சரிவராது, குப்பைவாரியால் இழுத்துக் காகிதப் பையில் அடைத்து தெருவோரம் வைக்கவேண்டும். பின்னேரத்தில் குவித்துக் கொளுத்தலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம், இங்கே தடை. அந்தப் புகை மணம் இல்லாதது எனக்கும் ஒரு குறைதான்.

கந்தசஷ்டி விரதத்தைச் சொல்லி மறுக்க முடியாது, இங்கேயும் முருகன் கோயில் இருக்கிறது, சூரன்போரும் நடக்கும். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதன்பிறகு ஐந்து மணிக்கே இருட்டு. சஷ்டி முடிந்த கையோடு உங்களை ஏற்றி அனுப்பிவிடுவோம், பனி பார்க்கத் தேவையில்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உங்கள் பதில் வரட்டும். சப்பாத்து அளவையும் அனுப்பிவிடுங்கள். போன முறை மாதிரிச் செருப்போடு இறங்கினால் ரூஜ் பக்கம் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்குட்டி